நான்கு நாற்காலிகளுக்கு ஓர் ஆறு

ஜனவரி 9

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

என் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. போன ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, டயாலிசிஸ் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறேன். நலம் விசாரித்துவிட்டு இதைச் சொன்னால் விசாரித்ததே பொய்யாகிவிடும் என்று முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்: நீ சுகமா? மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

ஏன் மறைத்தீர்கள் என்று அண்ணியிடம் சண்டைக்குப் போகாதே. அவள் வாயைக் கட்டிவைத்தவன் நான்தான். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ மீட்டிங்கில் பேசுவதுபோலப் பேசுவாய், நான் சந்தையில் கத்துவதுபோலக் கத்துவேன். காகிதத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறையில் நான்கு நாற்காலி. எனக்குப் பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர், எதிரே ஒரு டெய்லர் அக்கா, மூலையில் ரிட்டயர்டு வாத்தியார். முதல் இரண்டு மாதம் நாலு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். வாத்தியார் சத்தம் வராமல் அழுவார், நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். டிரைவர் ஒருநாள், "போதும்ப்பா. நான் நிறுத்திக்கறேன். இப்படிக் கட்டிப்போட்டு உயிரோட இருந்து என்ன பண்ண?" என்றார். வருவதை நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள்தான். அது அவருக்கும் தெரியும்.

என் கடையில்தான் பழைய வீடியோ கேம் கன்சோல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றனவே. புதியது வந்ததும் ஜனங்கள் பழையதைக் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அறை டிவியில் மாட்டினேன். உன் கம்பெனியின் "நீர்வழி" இரண்டாம் பாகம் போட்டேன். நாலு பேர் சேர்ந்து ஒரு சரக்குப் படகை ஆற்றில் கொண்டுபோகிற ஆட்டம். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. ஆனால் ஒரு கையால் ஆடுகிற வசதி அதில் இருக்கிறது. அதை நீதான் சண்டை போட்டு வைத்தாய் என்று எப்போதோ சொன்னாய். நல்ல காரியம் பண்ணினாய்.

"டிரைவர், பாறை! பாறை!" என்று டெய்லர் அக்கா கத்துவார். "வண்டி ஓட்டறவன்கிட்ட வழி சொல்லாதம்மா, நீ சரக்கைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் நேராகப் பாறையில் கொண்டுபோய் விடுவார். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

இப்போது ஆட்டம் முடிந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து ஆடிப் பார்த்தோம், ருசிக்கவில்லை. மூன்றாம் பாகம் இந்த வருஷக் கடைசியில் வருகிறது, ஆனால் புதிய கன்சோலுக்கு மட்டும் என்கிறார் சரக்கு போடுகிறவர். பழைய கன்சோலுக்கும் அதை வரவைக்க முடியுமா? நான் கேட்பது இவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியைத்தான் முதலில் கூப்பிட்டேன். சண்டை போடவில்லை. இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிட்டோம். உங்களுக்கு இப்போது கால் வீக்கம் குறைந்திருக்கிறதா? சாப்பாட்டில் உப்பே இல்லையாமே. இங்கே அவருக்கு முதுகுவலி தேவலை. விசாரித்ததாகச் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் பாகம் பழைய கன்சோலுக்கு வராது என்று போன வருஷமே முடிவாகிவிட்டது, அண்ணா. அந்தக் கன்சோல் வெளியாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதன் நினைவகம் சின்னது. ஒவ்வொரு இடத்தையும் டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட நேரமாகும். அதற்கும் சேர்த்து ஆட்டம் செய்தால், புதிய கன்சோல் வைத்திருப்பவருக்கும் பழையதன் அளவுக்குத்தான் ஆறு அகலமாக இருக்கும். ஒரே துணியில் இரண்டு பேருக்குச் சட்டை தைப்பதுபோல.

உங்கள் கடையில்தான் புதிய கன்சோல் இருக்கிறதே. ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாதா? விலை நான் அனுப்புகிறேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

இருவரும் சுகம்தானே. கால் வீக்கம் டயாலிசிஸ் நாளில் வற்றும், மறுநாள் ஏறும். உப்பில்லாத சாப்பாடு பழகிவிட்டது. பழகாதது தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து தருகிறாள் உன் அண்ணி. ஒரு மடக்கு கூடக் கேட்டால் போலீஸ்காரி மாதிரி பார்க்கிறாள்.

புதிய கன்சோலைக் கொண்டுபோய்ப் பார்க்காமலா உனக்கு எழுதினேன்? ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "சார், இது ரொம்ப இழுக்கும். அந்த லைன்லதான் நாலு டயாலிசிஸ் மெஷினும் ஓடுது. வேணாம் சார், என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க" என்றார். அவர் சொல்வது நியாயம். அதோடு, நெட் இல்லாமல் அந்தப் புதியது வாயையே திறக்க மாட்டேன் என்கிறது. எங்கள் அறை தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில். அங்கே ஃபோன் சிக்னலே சிஸ்டர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான். விலையைப் பற்றி நீ கவலைப்படாதே, கடைக்காரனுக்கு நீ சரக்கு வாங்கித் தருவாயா?

"முடிவாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். நானும் வாடிக்கையாளரிடம் "சரக்கு வரலீங்க" என்பேன். நான் ஆர்டரே போட்டிருக்க மாட்டேன். யார் முடிவு செய்தார்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அறை விஷயம்: டிரைவர் வேறு ஆட்டம் கேட்டார். சுடுகிற ஆட்டம் கொண்டுபோனேன். அதற்கு இரண்டு கை வேண்டும். கால்பந்து போட்டேன். டெய்லர் அக்கா, "எதிரெதிரா ஆடினா யாராவது ஒருத்தர் தோக்கணும். இங்க தோத்தது போதும், சேர்ந்து போற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றார். இருக்கிறது, அதன் மூன்றாம் பாகத்தை என் தங்கச்சி கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்றேன். வாத்தியார், "தங்கச்சிக்கு எழுது. மரியாதையா எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளையைக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்.

அண்ணன்


மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். நலமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் தூங்குகிறீர்களா? டெய்லர் அக்காவுக்கும் வாத்தியாருக்கும் டிரைவருக்கும் என் வணக்கம்.

மரியாதையாக எழுதச் சொன்னவருக்காக நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் பாகத்தில் நீங்கள் பார்த்தது ஆறு இல்லை. நீலத் துணி. அதன்மேல் படகு நகர்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் பாகத்தில் தண்ணீர் நிஜமாக ஓடும். படகு ஓட்டையானால் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு பக்கம் அணை போட்டால் இன்னொரு பக்கம் ஏறும். கரையில் ஒரு வாய்க்கால் வெட்டினால் ஆறு அந்தப் பக்கம் திரும்பும். அந்தத் தண்ணீரைச் செய்தவள் நான், அண்ணா. நான்கு வருஷம். என்னோடு ஆறு பேர். பழைய கன்சோலில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட அப்படி ஓடவைக்க முடியாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. முன்பு எங்கள் பந்தய ஆட்டம் ஒன்றைப் பழையதற்கும் சேர்த்து வெளியிட்டோம். பாதியில் நின்றது, திரை உறைந்தது. ஜனங்கள் திட்டினார்கள். டிஸ்க்குகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. அந்தக் குழுவில் இருந்தவர்கள் வீட்டுக்கே போகாமல் வேலை பார்த்தும் மிஞ்சியது அவமானம்தான். இன்னொரு முறை அதைச் செய்யச் சொல்லி என் ஆட்களிடம் நான் எப்படிக் கேட்பது?

பழையது வைத்திருப்பவர்கள் பாவம் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் எங்காவது ஒரு இடத்தில் விட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிகிறது.

உங்கள் பரிசோதனை முடிவை எழுதவே இல்லையே.

தங்கை


ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

நீ தண்ணீர் செய்தாய் என்று படித்ததும் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். டெய்லர் அக்கா, "ஐயோ, வேணாம். நீலத் துணியைப் பாத்தே எனக்கு நாக்கு வறளுது. நிஜத் தண்ணியைக் காட்டினா எழுந்து போய் டிவியை நக்கிடுவேன்" என்றார். அன்றைக்குச் சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். உன் வேலையைக் கேலி பண்ணுவதாக நினைக்காதே. எனக்குப் பெருமைதான். இதை நான் உன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன் என்று உனக்கே தெரியும்.

இப்போது வியாபாரி பேசுகிறேன், கேள். பந்தய ஆட்டம் திரும்பி வந்ததைச் சொன்னாய். அந்த மூட்டையைக் கட்டியவனே நான். என் கவுன்டரில் நின்று திட்டியவர்களின் முகம் எனக்குத் தெரியும். அவர்கள் படம் மங்கலாக இருக்கிறது என்று திட்டவில்லை. புதியதில் வருகிற எல்லாம் இதிலும் வரும் என்று அட்டையில் போட்டுவிட்டு, வராததால் திட்டினார்கள். தேய்ந்த சட்டையைத் தேய்ந்த சட்டை என்று சொல்லி விற்றால் எவனும் திருப்பிக் கொண்டுவர மாட்டான். உன் கம்பெனி பழையதற்குச் செய்தது தப்பில்லை. பழையது என்று சொல்ல வெட்கப்பட்டதுதான் தப்பு.

தண்ணீரை எடுத்துவிடு. நீலத் துணியே போதும். புதிய ஊர்கள், புதிய சரக்கு, ஆற்றின் மிச்ச வழி, நாலு பேர், ஒரு கை. அதைத் தா. நீ எதை விட்டுவிட்டுக் கிளம்புகிறாய் என்று ஒருமுறை திரும்பிப் பார். என் கடைக்கு வருகிற பத்து வீட்டில் ஆறு வீட்டில் பழையதுதான் இருக்கிறது. அவர்கள் செத்துப்போய்விடவில்லை. அடுத்த சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

டிரைவர் போன வாரம் ஒருநாள் வரவில்லை. ஃபோன் போட்டேன். "பஸ் கெடைக்கலை" என்றார். பஸ் டிரைவருக்கு!

வாத்தியாருக்குக் காய்ச்சல். மூன்று நாளாக அவர் நாற்காலி காலி.

பரிசோதனை முடிவு முன்பு இருந்த மாதிரிதான். அதில் எழுத ஒன்றும் இல்லை.

அண்ணன்


மே 24

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? அண்ணி ஃபோன் பண்ணினால் "வேலையில இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாயாம்.

வாத்தியார் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு மூன்று பேரும் போனோம். டிரைவர் வெயிலில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாற்காலியில் இப்போது ஒரு பேங்க் மேடம். இன்னும் எங்களோடு பேசவில்லை. கூரையைப் பார்க்கிறார்.

நான் கேட்டது உனக்குத் தொந்தரவாக இருந்தால் முடியாது என்று ஒரு வரி எழுது. எனக்குப் பதில்தான் வேண்டும். நல்ல பதில்தான் வேண்டும் என்பதில்லை.

அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாத்தியாருக்காக வருத்தப்படுகிறேன். அவர் சொல்லித்தான் எனக்கு மரியாதையாக எழுதினீர்கள். நான்தான் மரியாதையில்லாமல் நடந்துகொண்டேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களே, அப்போது காதில் சொல்வீர்கள்: "வேணுங்கற பொருள் மேல கை வைக்காதே. பக்கத்துல இருக்கறதோட விலையைக் கேளு. அவன் இதுக்குத்தான் வந்திருக்கான்னு நெனச்சுப்பான்." கடை வாங்கினபோதும் அப்படித்தான். பக்கத்துக் கடையைத்தான் மூன்று மாதம் பேரம் பேசினீர்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்கிறார் அண்ணன். அதே கடிதத்திலேயே ஒரு டிஸ்க் கேட்கிறார். ஒரு டிஸ்க்குக்காக இவ்வளவு பெரிய கடிதமா? இது பக்கத்துப் பொருள் என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் அப்படியே படித்தேன். "எதை விட்டுவிட்டுக் கிளம்புகிறாய் என்று திரும்பிப் பார்" என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்த நாளிலிருந்து பேனாவை எடுக்கவில்லை.

ஏப்ரலில் இங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்தேன், என் சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க. முடிவு வந்துவிட்டது, வாங்கிக்கொள்ளச் சொல்லி ஃபோன் வந்தது. நான் போகவில்லை. பொருந்திவிட்டால் என்ன செய்வது என்று பயம். என்னைப் படிக்கவைத்தவர் நீங்கள். சரி என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாயில் வரவில்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை.

நேராகவே கேட்டுவிடுங்கள், அண்ணா. நீங்கள் கேட்டால் வருகிறேன்.

தங்கை


ஜூன் 22

அம்மாடி,

முதலில் ஒன்று. எனக்கு இதயம் பலவீனம். வேறு சிறுநீரகம் வைக்கிற ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது என்று போன செப்டம்பரிலேயே டாக்டர் முடித்துவிட்டார். உன் அண்ணி அன்றைக்கே தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று கிளம்பி நின்றாள். அவளையும் திருப்பி அனுப்பிவிட்டார். யாருடையது பொருந்தினாலும் எனக்கு ஆகாது. ஆகவே நீ அந்தக் காகிதத்தை வாங்கவே வேண்டாம். இனி இதுதான், இந்த நாற்காலிதான், ஓடுகிற வரைக்கும்.

அதை முன்பே எழுதாமல் விட்டது என் தப்பு. எழுதினால் நீ அழுவாய் என்று விட்டேன். விட்டதில் நீ வேறு இடத்தில் போய் அழுதிருக்கிறாய்.

இத்தனை மாதமாக நான் உன் உடம்பைக் கேட்டுவிடுவேனோ என்று நீ பயந்துகொண்டு இருந்தாய் என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். பயந்துகொண்டே போய் இரத்தம் கொடுத்தாயே, அது போதும். அதற்குமேல் ஒரு அண்ணன் எதையும் கேட்கக் கூடாது.

நீ போட்ட கணக்கும் தப்பில்லை. என் பழக்கத்தை வைத்துத்தானே போட்டாய். வாழ்நாளெல்லாம் நான் பக்கத்துப் பொருளைத்தான் விலை கேட்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட வீட்டைப் பற்றித்தான் பேசினேனாம், உன் அண்ணி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். ஆனால் இந்த ஒரு தடவை, எது வேண்டுமோ அதன்மேலேயே கையை வைத்தேன். சுற்றி வளைக்க நேரம் இல்லாததால் வைத்தேன். எனக்கு வேண்டியது டிஸ்க்தான், தங்கச்சி. வேறு ஒன்றும் அதற்குப் பின்னால் இல்லை.

சின்ன விஷயம் என்று உனக்குத் தோன்றியது. வெளியே நிற்கிறவர்களுக்குச் சின்னதுதான். எங்களுக்கு அடுத்த தடவை என்று ஒன்று இருக்க வேண்டும். "அடுத்த துறையில என்ன சரக்கு ஏத்தலாம்" என்று வீட்டுக்குப் போகிறபோது டிரைவர் கேட்டால், அவர் திரும்பி வருவார் என்று அர்த்தம். இந்த மாதம் அவர் இரண்டு நாள் வரவில்லை. போன தடவை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். சிஸ்டர் திட்டினார்.

இப்போது நேராக ஒரு தடவை கேட்கிறேன். முடியுமா, முடியாதா?

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல். தனியாகச் சுமக்காதே.

அண்ணன்


ஜூலை 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். நவம்பரில் வருகிறோம். உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது? டிரைவர் வருகிறாரா? பேங்க் மேடம் பேசினாரா?

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுக்குப் பதில் சொல்கிறேன். பழைய கன்சோலை விட்டுவிடலாம் என்று போன வருஷம் அறிக்கை எழுதியவள் நான்தான். என் தண்ணீருக்காக எழுதினேன். அதில் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் இரண்டாம் பாகத்தை இன்றைக்கும் ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் பழையதில்தான் ஆடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன்.

இந்த மாதம் அந்த வரியை முதல் பக்கத்தில் போட்டு வேறு அறிக்கை கொடுத்தேன். எங்கள் டைரக்டர் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். அவருக்காகக் கேக்கறியா?"

"ஆமா சார். அவருக்காகவும்தான். இந்தப் பாதிப் பேருக்காகவும்தான்."

"அண்ணன்னு ஒருத்தர் இல்லைன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன் சார். அது என் தப்பு."

அவர் அறிக்கையை மறுபடி புரட்டினார். பிறகு இறங்கி வந்தார். உங்கள் யோசனைதான் அவருக்குப் பிடித்தது, பழையதைப் பழையது என்று அட்டையிலேயே சொல்லிவிடுவது. தண்ணீர் ஓடாது, நீலத் துணிதான். நெட் இல்லாமல் டிஸ்க்கிலிருந்தே ஆடலாம். நாலு பேர், ஒரு கை, இரண்டும் உண்டு. ஆனால் புதியது வந்து ஆறு மாதம் கழித்துத்தான் பழையதற்கு வரும் என்கிறார். டிஸ்க்குகள் திரும்பி வந்தால் கம்பெனி தாங்காது என்று இன்னும் பயப்படுகிறார்.

ஆள் கூடுதலாகத் தர மாட்டார்கள். என் குழுவிலிருந்து மூன்று பேரைப் பழையதற்கு அனுப்ப வேண்டும். அப்படியானால் ஆறு கடலில் சேரும் இடம், ஆட்டத்தின் கடைசிப் பகுதி, யாருக்குமே இருக்காது. நான்கு வருஷமாக நான் அந்த இடத்துக்காகத்தான் தண்ணீர் செய்தேன். ஆட்டம் அதற்கு முந்தின துறையிலேயே முடியும். சம்மதித்துவிட்டேன். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆறு மாதம் உங்களுக்குச் சரியா?

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

சுகம். மூச்சு பரவாயில்லை. பேங்க் மேடம் பேசிவிட்டார். நாங்கள் இரண்டாம் பாகத்தைத் திரும்ப ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அந்தச் சரக்கை அங்க எறக்கினா நஷ்டம், தெரியலையா உங்களுக்கு?" என்றார். டெய்லர் அக்கா சிஸ்டரைக் கூப்பிட்டுத் தன் கன்ட்ரோலரை மேடம் மடியில் வைக்கச் சொல்லிவிட்டார். டிரைவர் வருகிறார், இளைத்துப்போய் வருகிறார்.

கடலை நீ விட்டுக்கொடுத்தாய் என்று படித்து, அதை அறையில் வாசிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், நல்ல மனுஷர்கள். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை. நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்று எழுதினால் அதற்கு ஈடாகாது, அதனால் எழுதவில்லை.

ஆறு மாதம் சரியில்லை. ஆறு மாதத்தில் எங்கள் அறையில் வேறு நாலு பேர் இருப்பார்கள்.

அதனால் நானே வேலையில் இறங்கினேன். பழைய கன்சோல் வாங்கி விற்கிற கடைக்காரர்கள் எல்லோரையும் ஃபோனில் பிடித்தேன், ஊசி ஏறாத கையால். முதலில் எல்லோரும், "அண்ணாச்சி, உடம்பு சரியில்லாத நேரத்துல ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றார்கள். "உடம்பு சரியில்லாததாலதான்யா" என்றேன். எடுத்த டிஸ்க்கைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதில்லை, நஷ்டம் வந்தால் கடைக்கே என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதங்களை உன் டைரக்டருக்கு அனுப்பிவிட்டு நேற்று அவரோடு ஃபோனில் பேசினேன். கெட்டிக்காரர், சட்டென்று எதற்கும் இறங்கவில்லை. அவரும் ஒன்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

பேசி முடித்தது இதுதான், நீயும் ஒரு பிரதி வைத்துக்கொள். புதியதும் பழையதும் ஒரே நாளில் வரும். பழையதன் விலை புதியதில் பாதி. இது பழைய கன்சோலுக்கானது, தண்ணீர் ஓடாது என்று அட்டையின் முன்பக்கமே பெரிய எழுத்தில் இருக்கும். விற்காதது கடைக்காரன் பொறுப்பு, திரும்பி வராது. அவர் கேட்டது இது: நாலாம் பாகம் பழைய கன்சோலுக்கு வராது. அதை நானும் கேட்கக் கூடாது, என் பேரைச் சொல்லி நீயும் கேட்கக் கூடாது.

சரி என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்